நாலு முழ வேட்டிக்கு நடக்கத் தெரியாதா?

போன மாசம் சென்னையில தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. அஞ்சு மணிக்கே முழிச்சுப் பழகின உடம்பு. கீழ நடக்கிறதுக்குன்னு பாதை போட்டிருந்தாங்க. நாலு முழ வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு சுத்து வந்தேன். காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார். "பெரியவரே, டிராக் பேண்ட், ஷூ போட்டாத்தான் இங்க நடக்கணுமாம். அசோசியேஷன்ல சொல்லியிருக்காங்க." அவரும் நம்ம பக்கத்து ஆளுதான். சொல்றப்பவே அவர் முகம் சுண்டிப்போச்சு.

எனக்குக் கோபம் அவர் மேல இல்லை.

திருவிடைமருதூர்ல எனக்கு இந்த ஒரு துணிதான் எல்லாத்துக்கும். சேத்துல இறங்கினா தார்பாய்ச்சிக் கட்டு. வரப்புல நடந்தா மடிச்சுக் கட்டு. கோயிலுக்கும் பெரியவங்க முன்னாடியும் இறக்கி விடு. சின்ன வயசுல கபடி ஆடினதும், காவிரியில நீந்தினதும் இதோடதான். நனைஞ்சா வரப்புல விரிச்சாப் போதும், கொஞ்ச நேரத்துல காஞ்சுடும். வேர்வையில ஒட்டுற பாலியஸ்டர் கால்சட்டை இதுல எதைச் செய்யும்?

2014 ஜூலையில சேப்பாக்கத்துல கிரிக்கெட் சங்க கிளப்புல ஒரு புத்தக வெளியீடு. வேட்டியில வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ள விடலை. ஊரே கொதிச்சுது. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துது. வேட்டிக்காகத் தடுத்தா கிளப் உரிமம் ரத்து, ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனா நீதிபதி கட்டின வேட்டிக்கு வந்த கோபம், மடிச்சுக் கட்டின வேட்டிக்கு ஏன் யாருக்கும் வர மாட்டேங்குது?

'பாரம்பரிய உடை'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? எங்க தாத்தா காலத்துல இந்தத் தஞ்சை மண்ணுல பண்ணையாளுங்க முழங்காலுக்குக் கீழ வேட்டியை இறக்க முடியாது, தோள்ல துண்டு போட முடியாது. 1940கள்ல பி.சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க கீழத்தஞ்சையில சங்கம் கட்டி, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிரா நின்ன பிறகுதான் அந்த முதுகுகள் நிமிந்துச்சு. அன்னைக்கு இறக்கிக் கட்டினா குத்தம். இன்னைக்கு ஏத்திக் கட்டினா குத்தம். ஒருத்தன் வேட்டி எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு எப்பவும் வேற யாரோதான் தீர்மானிக்கிறாங்க.

நகரத்து நண்பர்களே, பொங்கலுக்கு ஒட்டிக்கிற வேட்டி கட்டி போட்டோ போடுறீங்க, சந்தோஷம். உங்க குடியிருப்புக் கூட்டத்துல அந்த விதியை எடுக்கச் சொல்லி ஒருத்தராவது எழுந்து பேசுங்க.

தை அறுவடை முடிஞ்சதும் மறுபடியும் சென்னைக்கு வரேன். அதே நாலு முழம்தான். காலையில அஞ்சு மணிக்குக் கீழ இருப்பேன்.