தொடை எலும்பு முறிந்தால் படுக்கைதானா கதி?

குளியலறையின் ஈரத் தரையில் கால் வழுக்குகிறது. எண்பது வயது மூதாட்டி முழங்கால் தரையில் மோத விழுகிறார். முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. இளையோருக்கு இத்தகைய முறிவு வாகன விபத்துப் போன்ற பலத்த அடியால் நேர்வது. எலும்பு மெலிந்த முதியோருக்கோ நின்ற இடத்தில் விழுந்தாலே போதும். மருத்துவர் அறுவை சிகிச்சை என்றதும் வீட்டார் கலங்குகின்றனர். "இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா? கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் கூடிவிடாதா?" என்று கேட்கின்றனர்.

கேள்வி அன்பினால் எழுவதே. ஆயினும் முறிந்த இடம் அப்படிப்பட்டது. தொடைத் தசைகள் எலும்பை மேல்நோக்கி இழுத்துக் காலைக் குட்டையாக்குகின்றன. கெண்டைக்கால் தசையோ கீழ்த்துண்டைப் பின்புறமாகச் சாய்க்கிறது. விலகிய துண்டுகளை மாவுக்கட்டு மட்டும் நேராக நிறுத்தி வைப்பது அரிது. முன்னாளில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் படுக்க வைத்தனர். எலும்பு கூடுவதற்குள் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை முதியோரை வாட்டின. எலும்பு கூடிய பின்னும் முழங்கால் மடங்க மறுத்தது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு வழிகள். 1939ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்னும் மருத்துவர், தொடை எலும்பின் உட்குழலில் உலோகக் கம்பியைச் செலுத்தி முறிவை நிலைநிறுத்தினார். பேச்சு வழக்கில் 'ராடு வைப்பது' என்பது இதன் வழிவந்ததே. முழங்காலை ஒட்டிய முறிவுக்கு இக்கம்பி முழங்கால் வழியாகவே மேல்நோக்கிச் செலுத்தப்படுகிறது.

மற்றொன்று 'பிளேட் வைப்பது'. தொடையின் வெளிப்புறத்தில் தகட்டைப் பொருத்தித் திருகாணிகளால் பிணைப்பர். சாதாரணத் திருகாணி மெலிந்த எலும்பில் பிடிப்பிழந்து தளரக்கூடும். இன்றைய தகடுகளில் திருகாணியின் தலை தகட்டின் மரையிலேயே பூட்டிக்கொள்வதால் அது எளிதில் தளர்வதில்லை. முறிவு மூட்டுக்குள் இறங்கியிருந்தால், சி.டி. ஸ்கேன் பார்த்து, முதலில் மூட்டின் பரப்பைச் சீராகச் சேர்த்த பின்னரே தண்டெலும்புடன் இணைப்பர். எலும்பு நொறுங்கிப் போனாலோ, முன்பே வைத்த செயற்கை மூட்டு தளர்ந்துவிட்டாலோ, அப்பகுதியையே நீக்கிப் பெரிய செயற்கை மூட்டுப் பொருத்துவதும் உண்டு.

ஆக, எலும்பைக் கூட்டுவது மட்டும் அறுவையின் நோக்கமன்று. முதியவரை விரைவில் எழுப்பி உட்கார வைப்பதும், முழங்காலை மடக்கச் செய்வதும், வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பதுமே அதன் பயன். கிருமித் தொற்று, எலும்பு கூடாமை, தகடு முறிதல் முதலிய இடர்களும் இதில் உண்டு. எலும்பு முழுமையாகக் கூடச் சில மாதங்கள் ஆகும். இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்காத நிலையிலும், முன்பே நடமாட்டம் இழந்தவர்களுக்கும், அறுவையின்றிக் காலுக்கு ஆதாரம் கட்டிப் பராமரிப்பதே பொருத்தமாகலாம். ஆனால் வயது ஒன்றை மட்டும் காட்டி அறுவையை மறுப்பது சரியன்று.

விழுந்தவுடன் வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை. எண்ணெயிட்டு நீவுவதோ காலை இழுத்து நேராக்குவதோ கூடாது. முழங்காலுக்குப் பின்புறம் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. ஆகவே காலை அசையாமல் தாங்கி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாதம் குளிர்ந்தாலோ மரத்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அறுவை உடனே நடைபெறலாம் என்பதால், மருத்துவரைக் கேளாமல் உணவோ நீரோ கொடுக்கலாகாது. உட்கொள்ளும் மருந்துகளை, குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, மறவாமல் கூற வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எப்போது உட்காரலாம், எப்போது காலை ஊன்றலாம், எலும்பின் வலிமைக்கு என்ன மருந்து? இதே எலும்பு நாளை இன்னோரிடத்தில் முறியாதிருக்க மூன்றாவது கேள்வியே காப்பு. குளியலறையில் கைப்பிடியும் இரவில் சிறு விளக்கும் அதற்குத் துணை.

முடிவெடுக்குமுன் கட்டிலில் இருப்பவரின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். பெரும்பாலான முதியோர் அஞ்சுவது கத்தியையன்று. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் நாட்களையே.