சிறைக் கதவு திறந்த பிறகு?

குடித்துவிட்டுத் தெருவில் நின்றான் என்பதற்காக ஒருவனை எத்தனை முறை தண்டிக்கலாம்? அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், லீராய் பவல் என்ற தொழிலாளியை 1949க்குப் பின் ஏறத்தாழ 100 முறை தண்டித்தார்கள். மதுக்கடையில் பிறர் காலணிக்கு மெருகு போட்டு வாரம் 12 டாலர் சம்பாதித்தவர் அவர். "இது நோய், நோய்க்குத் தண்டனையா?" என்று அவர் தரப்பு வாதாடிற்று. தண்டனை செல்லும் என்று 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சீமான் வீட்டுப் பிள்ளை குடித்து விழுந்தால் மருத்துவமனைக்குக் கார் போகிறது. காலணி துடைப்பவன் விழுந்தால் போலீஸ் வண்டி வருகிறது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுக் குடியைப் பற்றிப் பேசுகிறவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

உள்ளே போனவனுக்கு உதவி யார்? 1935இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய கழகம் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்று பொருள். குடியை விட்டவன், விட முடியாதவனோடு உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறான். முறை அவ்வளவுதான். 1942இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் இக்கூட்டம் நுழைந்தது. இடம் கொடுத்தவர் சிறைத் தலைமை அதிகாரி கிளின்டன் டஃபி. அதே சிறையின் காவலர் ஒருவருடைய மகன்!

வெளியிலிருந்து போகும் தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. "இவன் திருந்திவிட்டான்" என்று பரோல் அதிகாரிக்குக் கடிதம் தருவதும் இக்கழகத்தில் கிடையாது. கல்நெஞ்சம் என்று எண்ண வேண்டாம். கடிதம் கிடைக்கும் என்றால் கடிதத்துக்காகவே ஆள் சேரும்.

கட்டாயமும் அப்படித்தான் கெடுக்கும். நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில், கடவுள் நம்பிக்கையற்ற கைதி ஒருவர் குடும்பத்தாரோடு தங்கிப் பேசும் சலுகை கேட்டார். இம்முறையைத் தழுவிய வகுப்புக்கு வந்தால்தான் என்றார்கள் அதிகாரிகள். கழகத்தின் 12 படிகளிலோ கடவுள் பேச்சு பலமுறை வருகிறது. அந்த நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1996இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் கூறிற்று. சரியான தீர்ப்பு என்கிறோம் நாம். தொண்டர்கள் மீது நமக்குக் குறையில்லை. மனைவி மக்களைப் பணயம் வைத்தது அதிகாரம்.

தொண்டரைக் காட்டி அரசு கைகழுவவும் கூடாது. கடுங்குடியன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிரே போகலாம். சிறையின் முதல் இரவுகளில் அவனுக்கு வேண்டியவர் மருத்துவர், கூட்டம் பிறகு.

குறுந்தண்டனைக்காரர்களும் விசாரணைக் கைதிகளும் இருக்கும் உள்ளூர்ச் சிறைகளில் வேறொரு தொல்லை. இந்த வாரம் வந்து கேட்டவன் அடுத்த வாரம் இருப்பதில்லை. எங்கே போனான்? பழைய தெருவுக்கு. வேலை இல்லை, கூரை இல்லை. பழைய கூட்டாளி மட்டும் இருக்கிறான். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் 2 வாரங்களில் அவர்கள் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம்! போதைப் பொருளை அளவு மீறி உட்கொண்டதே முதற்காரணம்.

ஆகவேதான் கைதி வெளியேறும் முன்பே, அவன் போகும் ஊரின் உறுப்பினர் ஒருவரோடு தொடர்பு செய்து வைக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு அவரே அழைத்துப் போவார். சிறைக்குள் பேசும் பேச்சைவிட இந்தத் துணையையே நாம் பெரிதாக மதிக்கிறோம். சங்கம் நடத்தும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: வேலை நீக்கம் பெற்றவன் வீட்டுக்கு அன்று மாலையே யார் போகிறார் என்பதல்லவா கேள்வி?

இந்தப் பணிக்கு மிகத் தகுந்தவர் யார்? தானும் கம்பி எண்ணி, தானும் குடியை விட்டவர். அவரைத்தான் பல சிறைகள் பழைய குற்றப் பதிவைக் காட்டி வாசலிலே நிறுத்துகின்றன. அல்லது அனுமதிக்கு அலைய விடுகின்றன. பாதுகாப்பு என்கிறார்கள். சோதித்துப் பார்க்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? பல ஆண்டுகள் குடியாமல், குற்றமின்றி வாழ்ந்தவரையும் மறுப்பதானால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று அந்த அதிகாரிகளைக் கேட்கிறோம்.