தேடுவதில் கழியும் பொழுது

தறியில் அமர்ந்து நெய்யும் நேரத்தை நாம் கணக்கிடுகிறோம். பாவு பிணைப்பதற்கும் தார் சுற்றுவதற்கும் ஆகும் நேரத்தையும் கணக்கிடுகிறோம். வேண்டிய அச்சு எந்த மூலையில் கிடக்கிறதென்று தேடித் திரியும் நேரத்தை மட்டும் நம்மில் எவரும் எழுதி வைப்பதில்லை.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, வாசகரின் பொழுது வீணாகாமற் காப்பதைப் பற்றியது. 1933-இல் அவர் வகுத்தளித்த கோலன் பகுப்பு முறைக்கு, லண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானே வித்தாக அமைந்தது. துளையிட்ட தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பலவிதப் பொம்மைகள் செய்யும் சாமான் அது. ஆகவே நூலகத்துக்கும் பட்டறைக்கும் உள்ள உறவு புதிதன்று.

நம் வீடுகளில் பொருள்களை உருவம் பார்த்தே வைக்கிறோம். பெரிய புத்தகம் அடியில், சிறியது மேலே. நீண்ட சாமான் பரணில், மற்றவை மூட்டையில். இது தவறென்பது எமது அபிப்பிராயம். எந்த வேலைக்கு வேண்டுமோ அந்த வேலையின் பெயரால் பொருள் வைக்கப்பட வேண்டும். சாயக் குறிப்புப் புத்தகம், பிள்ளைகளின் பாடப் புத்தகங்களோடு அலமாரியில் இருந்து பயனில்லை. சாய டப்பாக்களின் அருகிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும், அந்தச் சாயம் ஏற்றிய நூலில் ஓர் இழையைக் கட்டிவிட்டால், பெயரைப் படிக்குமுன் நிறமே வழி காட்டும்.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சீட்டு உதிர்ந்துபோன 60-ஆம் எண் சிட்டத்தையும் 80-ஆம் எண் சிட்டத்தையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று. 840 கெஜம் கொண்ட சிட்டம் 60-ஆம் எண்ணில் சுமார் ஏழரை கிராம். 80-ஆம் எண்ணில் ஆறு கிராமுக்கும் குறைவு. நிறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அவசரத்தில் நிறுப்பவர் யார்? ஊடையில் கலந்தபின் துணியில் பட்டை விழும்போதுதான் தெரிகிறது. ஒரே நிறத்தை இரு முறை ஏற்றிய நூலும் அவ்வாறே. ஆகவே சாயமேற்றிய தேதியைச் சீட்டில் எழுதிக் கட்டுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைப்பது நலம். விதைக்கும் இதே முறைதான்: இரகம், அறுத்த மாதம், எந்த வயல் என்பவை போதும். பூச்சி மருந்து மட்டும் விதையோடும் தானியத்தோடும் ஓர் அறையிலும் சேரலாகாது.

எமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் திடீரென்று காலமானார். சேமிப்புப் புத்தகமும் கடன் இரசீதுகளும் பழைய பஞ்சாங்கங்களுக்கிடையே இரண்டு மாதம் கழித்தே அவர் மனைவியார் கைக்கு அகப்பட்டன. ஜக்கார்டு அட்டைக் கட்டுகளில் எது எந்தப் பூவுக்கு உரியதென்று மகனுக்குத் தெரியவில்லை. சாயக் குறிப்போ எழுதப்படவேயில்லை போலும். அவர் ஏற்றிய சிவப்பை அந்த வீட்டில் இன்று ஏற்றுபவர் இல்லை. தாம் மட்டும் கண்டெடுக்கும்படி வைப்பது ஒழுங்காகாது. தாம் ஊரில் இல்லாத நாளில் வீட்டார் கண்டெடுக்க வேண்டும். எப்பொருள் எவ்விடம் என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

ஒற்றைத் தறி வீட்டில் இடமேது என்று அங்கத்தினர் சிலர் கேட்கிறார்கள். நியாயமே. ஆயினும் அலமாரி வாங்கச் சொல்லவில்லை. பழைய தகர டப்பாக்களும், சுவரில் அறைந்த நாலு ஆணிகளும், ஒரு பென்சிலும் போதும்.

நம் சங்கக் கிடங்கில் மட்டும் என்ன வாழ்கிறது? திருப்பித் தந்த அச்சுகள் எண் சீட்டின்றிச் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. முதலில் அவற்றுக்குச் சீட்டுக் கட்டும்படி நிர்வாகிகளிடம் தெரிவித்திருக்கிறோம்.