தமாவந்த் மலையும் பம்பாய் டவுன் ஹாலும்

ஜொராஸ்டிரிய மரபில் கிளைத்த சமயம் என்றதும் ஆறாம் நூற்றாண்டு மஸ்தாக்கைச் சொல்வார்கள். சொத்து எல்லோருக்கும் பொது என்று போதித்து, சாசானிய அரசால் ஒழிக்கப்பட்டவர் அவர். இந்தியாவிலேயே பிறந்த ஒரு கிளையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இல்ம்-எ-க்ஷ்னூம் என்பது அதன் பெயர்.

தொடங்கியவர் பெஹ்ராம்ஷா நவ்ரோஜி ஷ்ராஃப் (1858–1927). இளவயதில் வடமேற்கே போனவரை, மறைந்து வாழும் ஜொராஸ்டிரியக் கூட்டம் ஒன்று ஈரானின் தமாவந்த் மலைக்கு அழைத்துச் சென்றது, அங்கே மூன்றாண்டுக்கு மேல் மறைஞானம் கற்றார் என்பது அடியார்களின் நம்பிக்கை. கொடுங்கோலன் சஹாக் கட்டுண்டு கிடப்பதாக ஷாநாமா சொல்லும் மலை அது. சூரத்தில் குடியேறிய ஷ்ராஃப் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. 1907 வாக்கில்தான் போதிக்கத் தொடங்கினார். மறுபிறவி உண்டு, புலால் கூடாது, அவெஸ்தா மந்திரத்தின் பலன் அதன் ஒலியதிர்வில் இருக்கிறது என்றார். பழைய மரபிலோ மனிதருக்கு ஒரே பிறவி. இறந்தபின் சின்வத் பாலத்தில் தீர்ப்பு.

தமாவந்தை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இந்தப் போதனைக்குக் காது கொடுக்க ஒரு தலைமுறை ஏன் காத்திருந்தது என்பதற்கு விடை பம்பாயில்தான் இருக்கிறது. 1839-இல், இந்திய ஜொராஸ்டிரியர்களான பார்சிகளில் இளைஞர்கள் இருவர் ஞானஸ்நானம் பெற்றதில் சமூகமே கொந்தளித்தது. மிஷனரி ஜான் வில்சன் அவர்களது மறைநூல்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிறகு வந்த ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹவுக், அவெஸ்தாவில் காதாக்கள் என்ற பாடல்கள் மட்டுமே ஜரதுஷ்டிரரின் வாக்கு என்றார். சீர்திருத்தக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பில் மூன்று சுற்றுக் கட்டும் குஸ்தி என்ற புனிதக் கயிற்றில் 72 கம்பளி இழைகள், யஸ்னாவின் 72 அதிகாரங்களுக்கு ஈடாக. இதை எதற்குக் கட்ட வேண்டும் என்று கல்லூரியில் படித்த மகன் கேட்டால், மந்திரங்களை மனப்பாடமாக மட்டுமே அறிந்த குருவிடம் என்ன பதில் இருந்திருக்கும்?

1882 பிப்ரவரியில் பம்பாய் டவுன் ஹாலில் கர்னல் ஆல்காட் அந்தப் பதிலைச் சொன்னார்: சடங்குகளுக்குள் மறைபொருள் உண்டு, கைவிடாதீர்கள். அவ்வாண்டு இறுதியிலேயே அவரது பிரம்மஞான சபை அடையாறுக்கு இடம்பெயர்ந்தது. ஷ்ராஃப் அவரைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல மாட்டேன். இருவரும் பதில் சொன்ன கேள்வி ஒன்றே. எங்கள் ஊர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மறைமலையடிகள் 1911-இல் பல்லாவரத்தில் சமரச சன்மார்க்க நிலையம் தொடங்கிப் படித்தவர்கள் முன் சைவத்தை நிறுத்தியதும் அதே காலத்தில்தான்.

இந்தக் கிளையை ஆராய வரும் மாணவர்களை முதலில் அடையாறு நூலகத்துக்கே அனுப்புகிறேன். 1879 முதல் வெளிவந்த, பிரம்மஞான சபையின் 'தியாசபிஸ்ட்' இதழில் பார்சிகள் தங்கள் சமயம் பற்றிக் கேட்ட கேள்விகள் அச்சில் இருக்கின்றன.

- கட்டுரையாளர், சமய வரலாற்று ஆய்வாளர், மறைமலை நகர்.