கனடாவின் மின்சாதனங்களும் எமது சுவர் மின்சாரமும்

புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகள் தமது பயணப்பொதிகளுடன் வீட்டு மின்சாதனங்களையும் எடுத்து வருவதும், கப்பல் மூலம் பெட்டிகளில் அனுப்பி வைப்பதும் வடக்கு, கிழக்கில் புதிய விடயமல்ல. இதற்குச் சமாந்தரமாக, ஜப்பானில் பாவித்துக் கழிக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும் றைஸ் குக்கர்களும் நாட்டின் பல நகரங்களில் மலிவு விலைக்கு விற்கப்படுகின்றன. பொருளின் தரம் பற்றிப் பேசுவோர் பலர். அப்பொருள் எந்த மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. இந்த அலட்சியம் பணவிரயத்துடன் முடிந்துவிடுமாயின் நாம் இங்கு அதனைப் பேச வேண்டியதில்லை. அது உயிராபத்து வரை செல்லக்கூடியது.

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரமாகும். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் நிலைமை இதுவே. ஆகவே அங்கிருந்து வரும் பொருட்களுக்குப் பெரும்பாலும் பிளக்கை மாற்றினால் போதுமானது. சிக்கல் கனடாவிலும் அமெரிக்காவிலுமிருந்து வருபவற்றில்தான். அங்கு 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானிலோ 100 வோல்ற் மட்டுமே.

வோல்ற் இரு மடங்கானால் சூடாக்கும் கருவியொன்றின் வலு நான்கு மடங்காகும் என்பது பாடசாலையில் படித்த கணக்கு. கனடாவில் 1,000 வாற் எடுத்த மின்னழுத்தியை எமது சுவரில் செருகினால் அது 3,600 வாற்றுக்கு மேல் எடுக்க முற்படும். ஜப்பானியப் பொருளாயின் ஐந்து மடங்கைத் தாண்டும். பிளக்கினுள் உருகி இருக்கின்றது, அது காப்பாற்றும் என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3,600 வாற் என்பது ஏறத்தாழ 16 அம்பியர். 13 அம்பியர் உருகி இவ்வளவுக்கு உடனடியாக அறுந்துவிடுவதில்லை. அதற்கு முன்னரே சூடாக்கும் கம்பி எரிந்துபோகலாம், அல்லது அருகிலுள்ள துணி தீப்பற்றலாம்.

"நிலைமாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் சரி" என்பதே கடைக்காரர்கள் வழமையாகக் கூறும் பதில். இது பாதி உண்மை. நிலைமாற்றி வோல்ற்றை மாற்றுமேயன்றி, மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட சாதாரண மோட்டர் 50 ஹேர்ட்ஸில் ஆறிலொரு பங்கு மெதுவாகச் சுழலும். அதன் இரும்பு அகணி காந்தப் பாயத்தைத் தாங்கமாட்டாமல் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். மீடிறனை நம்பி ஓடும் பழைய மின்கடிகாரமாயின் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். அது சிரிப்புக்குரிய விடயம். இரவு பகலாக இயங்கும் குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி நாள்தோறும் மிகையாகச் சூடாவது சிரிப்புக்குரியதல்ல. நுண்ணலை அடுப்பினுள் இருக்கும் பழைய வகைப் பாரமான நிலைமாற்றிக்கும் இதே கதிதான்.

ஜப்பானின் கதை வேறு. 1895இல் தோக்கியோவுக்கு ஜேர்மனியிலிருந்து 50 ஹேர்ட்ஸ் மின்பிறப்பாக்கிகளும், அடுத்த ஆண்டு ஒசாக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து 60 ஹேர்ட்ஸ் மின்பிறப்பாக்கிகளும் வாங்கப்பட்டதால், அந்நாடு இன்றுவரை இரண்டாகப் பிரிந்தே மின்சாரம் பெறுகின்றது. 2011ஆம் ஆண்டுப் பேரனர்த்தத்தின் பின்னர் கிழக்கில் மின்சாரம் தட்டுப்பட்டபோது மேற்கிலிருந்து போதியளவு அனுப்ப முடியாமற் போனதற்கும் இதுவே காரணம். இந்தப் பிரிவினையால் எமக்கொரு நன்மையும் உண்டு. ஜப்பானியப் பொருட்கள் பலவற்றில் 50/60 எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகையவை பொருத்தமான நிலைமாற்றியுடன் இங்கு ஒழுங்காக இயங்கக்கூடியவை. ஆனால் ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவையும் சந்தையில் கலந்தே வருகின்றன.

கனடாவிலிருந்து வரும் பெரிய துணி உலர்த்திகளிலும் அடுப்புகளிலும் 240 வோல்ற் என்றிருப்பதைக் கண்டு ஏமாறுவோரும் உளர். அங்கு அந்த 240, இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடைப்பட்டது. அவை ஒவ்வொன்றுக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையில் 120 வோல்ற்றே உண்டு. பெரும்பாலான உலர்த்திகளின் மோட்டர் அந்த 120ஐயே எதிர்பார்க்கின்றது. எமது வீட்டு இணைப்பில் அவ்வாறான நடுப்புள்ளி கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட எமக்கு அச்சமூட்டுவது கம்பியின் நிறம். பழைய பிரித்தானிய மரபில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல். எமது மின்னிணைப்பாளர்கள் பலரின் கை அதற்கே பழகியது. வட அமெரிக்காவிலோ கறுப்பே உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல். பிளக்கை வெட்டி வேறு பிளக் பூட்டும்போது கறுப்பை நொதுமல் என எண்ணி மாற்றிக் கொடுத்தால், கருவி வழமைபோல் வேலை செய்யும். எவருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் சுவிச்சை நிறுத்திய பின்னரும் உள்ளே மின் இருந்துகொண்டேயிருக்கும். பாண் வாட்டும் கருவியில் சிக்கிய துண்டைக் கத்தியால் எடுக்கும் இல்லத்தரசிக்கு அது தெரிய நியாயமில்லை.

பிளக் விடயத்தில் அரசு காலந்தாழ்த்தியேனும் ஒரு முடிவுக்கு வந்தது. 2016இல் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கை நாட்டின் ஒரே நியமமாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பொயின்றின் மேல்துளை வெறும் அலங்காரமன்று, புவிக்கம்பிக்குரியது. பேனை மூடியையோ தீக்குச்சியையோ அத்துளையில் குத்தி, இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் எமது வீடுகளில் மட்டுமன்றி அலுவலகங்களிலும் காணப்படுகின்றது. புவித்தொடுப்பும் இல்லை, றிப் சுவிச்சும் வேலை செய்யவில்லை என்றால் அவ்வீட்டில் மிஞ்சும் பாதுகாப்பு அதிர்ஷ்டம் ஒன்றே.

நிலைமாற்றி வாங்கத்தான் வேண்டுமாயின், கருவி எடுக்கும் வாற்றைவிடக் கணிசமாகக் கூடிய வலுவுடையதாக அது இருத்தல் வேண்டும். 1,200 வாற் கருவிக்கு 500 வாற் நிலைமாற்றியைக் கொடுத்தனுப்பும் வியாபாரி தீயை விற்கின்றார் என்றே நாம் கூறுவோம். மடிக்கணினி, கைத்தொலைபேசி மின்னேற்றிகளில் 100-240 என எழுதப்பட்டிருக்குமாயின் அவை குறித்துக் கவலை வேண்டாம். ஏனைய பொருட்களைப் பொறுத்தவரை, கனடாவிலுள்ள பிள்ளைகள் பெட்டி அனுப்பும் செலவையும் சேர்த்துப் பணமாக அனுப்பினால், பெற்றோர் இங்கேயே உத்தரவாதத்துடன் வாங்கிக்கொள்ளலாம்.

வியாபாரிகளின் பொறுப்பு தனியானது. பாவித்த இறக்குமதி மின்சாதனம் ஒவ்வொன்றினதும் வோல்ற், மீடிறன், வாற் ஆகிய மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் விற்பனைச் சிட்டையில் எழுதிக் கொடுப்பதை நுகர்வோர் விவகார அதிகார சபை கட்டாயமாக்க வேண்டும் எனக் கோருகின்றோம். பொருளின் பின்புறத் தகட்டில் ஜப்பானிய எழுத்தில் இருப்பதை வாங்குபவர் வாசிக்க முடியாது. விற்பவர் அதனை வாசித்தறிந்த பின்னரே விலை சொல்ல வேண்டும்.