குதிரைத்திறனைப் பெருக்கினால் நியாயமான எடை வருமா?

அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தயக் கழகம் நடத்தும் அமெச்சூர் பந்தயங்களில் ‘இம்ப்ரூவ்டு டூரிங்’ என்று ஒரு வகை உண்டு. பல கம்பெனிகளின் பழைய கார்கள் அதில் ஒன்றாக ஓடும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு குறைந்தபட்ச எடை. ஓட்டுநரையும் சேர்த்தே தராசில் நிறுத்துவார்கள். எடைக்கான அடிப்படைக் கணக்கு எளிது. கம்பெனி அறிவித்த குதிரைத்திறனை 1.25-ஆல் பெருக்கி, பிரிவுக்குரிய எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும்; வருவது பவுண்டில் எடை. ஐ.டி.எஸ். பிரிவுக்கு 12.9, ஐ.டி.ஏ.வுக்கு 14.5. எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஆகவே எல்லோருக்கும் நியாயம் என்பது பரவலான வாதம்.

கம்பெனி சொல்லும் குதிரைத்திறன் மறுக்க முடியாத எண் என்பது அதன் முதல் தூண். ஆனால் மாஸ்டா 2001 மியாட்டா காருக்கு 155 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்து, பிறகு 142 என்று திருத்தியது. வாங்கியவர்களிடமிருந்து காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முன்வந்தது. அந்த 13 குதிரைத்திறன் வித்தியாசத்தை ஐ.டி.எஸ். கணக்கில் போட்டால் ஏறக்குறைய 210 பவுண்டு, அதாவது 95 கிலோ வரும். பக்கத்து சீட்டில் ஒரு பருத்த ஆளை ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓடுவதற்குச் சமம் இது.

பந்தயத்துக்குத் தயாரித்தால் எல்லா இன்ஜினின் திறனும் 25 சதவீதம் கூடும் (1.25 அதற்குத்தான்) என்பதும் நிற்காது. மூச்சுமுட்டும் சைலன்ஸரோடு விற்ற இன்ஜினுக்குக் கூடுதல் கிடைக்கும். ஆலையிலேயே பிழிந்தெடுத்த ஹோண்டாவின் வீடெக் இன்ஜின் போன்றவற்றில் மிச்சம் குறைவு.

ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை பவுண்டு என்பது சமமானால் வேகமும் சமம் என்பதுதான் மிகப் பெரிய பிழை. எடை கூடுவதால் மட்டும் காற்றின் எதிர்ப்பு கூடுவதில்லை. எனவே கனமும் திறனும் மிகுந்த கார் நேர்ப்பாதையின் கடைசியில் முந்திவிடும். பிரேக் போடும் இடத்தில் கதை மாறும்: அதே அகல டயர் அதிக எடையை நிறுத்த வேண்டும், பாதிப் பந்தயத்திலேயே சூடேறிச் சோர்ந்துவிடும். சுமார் நான்கு மைல் நீளமும் நெடும் நேர்ப்பாதைகளும் கொண்ட ரோடு அமெரிக்கா என்ற பந்தயத் தடத்தில் கனத்த கார் சிரிக்கும். ஒன்றரை மைல் லைம் ராக் தடத்தில் லேசான கார். முன்சக்கர இயக்கம் என்றால் இழுப்பு, திருப்பம், பெரும்பகுதி பிரேக் எல்லாம் முன் டயர்களின் தலையில்தான். சூத்திரத்தை வகுத்தவர்களே இதற்காகத் தனியாக எடை கழிக்கிறார்கள். பெருக்கல் மட்டும் போதாது என்பதற்கு அவர்களே சாட்சி.

ஜெயிக்கிற காரில் ஈயக்கட்டியைப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அமெச்சூர் பந்தயத்தில் சுற்று நேரம் காரை மட்டும் அளப்பதில்லை; ஓட்டுநரின் கையையும், புது டயர் வாங்கும் பர்ஸையும் சேர்த்தே அளக்கிறது. நல்ல ஓட்டுநர் ஒருவர் ஜெயித்ததற்கு அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்கள் ஏன் ஈயம் சுமக்க வேண்டும்?

சூத்திரம் தருவது தொடக்க எண். விதி அனுமதிக்கும் எல்லைவரை தயாரித்த இன்ஜின்களின் டைனோ (திறனை அளக்கும் கருவி) அளவுதான் அதைத் திருத்தத் தகுந்த சான்று. எந்தக் காருக்கும் போட்டித்திறன் உத்தரவாதம் இல்லை என்று இம்ப்ரூவ்டு டூரிங் விதியிலேயே எழுதியிருக்கிறது.