மெழுகில் ஒரு சரீரம்

அமெரிக்கச் சிற்பி டோனி ஸ்மித் எஃகில் சமைத்த பிரம்மாண்டமான வடிவங்களுக்குச் சிறு பிராயத்தில் காகித மாதிரிகள் ஒட்டிக் கொடுத்த அவருடைய மகள் கிகி ஸ்மித், தாமே சிற்பியாகித் தமக்குரிய பொருளைத் தேடியபோது, தந்தையின் எஃகை நாடாமல், கசங்குவதும் கிழிவதும் இயல்பான காகிதத்தையும், உருகும் மெழுகையும், உடையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டார். மனித சரீரத்தைப் பற்றி அவர் சொல்ல நினைத்ததில் பெரும்பகுதி அந்தத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

1954-இல் நியூரம்பெர்க் நகரில் பிறந்து, அமெரிக்காவில் கத்தோலிக்க மரபில் வளர்ந்த அவர், 1985-இல் அவசர மருத்துவ உதவியாளருக்குரிய பயிற்சி பெற்றார். 1988-இல் எய்ட்ஸ் நோய் அவருடைய சகோதரியைக் கொண்டுபோயிற்று. பிறர் இரத்தத்தையும் எச்சிலையும் கண்டு உலகம் அஞ்சி ஒதுங்கிய அந்த ஆண்டுகளில், வெள்ளிப் பூச்சிட்ட பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளை வரிசையாக நிறுத்தி, இரத்தம், கண்ணீர், பால், உமிழ்நீர், சிறுநீர் என்று சரீரத்தின் திரவங்களை, பழைய வேதாகமப் பிரதிகளை நினைவூட்டும் எழுத்தில் அவற்றின்மேல் பொறித்து வைத்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று குனிந்து நோக்குபவர் ஜாடியின் மேல் தம் முகத்தையே காண்கிறார்.

மெழுகும் துணியும் மரமும் கொண்டு 1992-இல் அவர் உருவாக்கிய கன்னி மரியாள், தோல் உரிந்து, தசைநார்கள் தெரிய, உள்ளங்கைகளை நமக்குக் காட்டி நிற்கிறாள். தெய்வ நிந்தனை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால், கடவுள் மாமிசமானார் என்று கிறிஸ்தவம் சொல்லும்போது அந்த மாமிசத்தை ஈந்தவள் இந்தத் தாயே என்பதை இவ்வளவு பக்தியோடு எடுத்துரைத்த வேறொரு சமகாலச் சிற்பத்தை நான் அறியேன்.

பிற்காலத்தில் அவர் வெண்கலத்தை மிகுதியாகக் கையாண்டார். ஓநாயின் வயிற்றிலிருந்து ஒரு பெண் வெளிப்படும் 2001-ஆம் ஆண்டுச் சிற்பம் அழகானதே. எனினும் மெழுகுச் சரீரங்களில் இருந்த நடுக்கம் அதில் இல்லை. இதற்கு விலக்கு 1994-இல் செய்த லிலித்: யூத மரபுக் கதைகளில் ஆதாமின் முதல் மனைவியாக வந்து, அவனுக்குக் கீழ்ப்படிய மறுத்து அகன்ற அவள், சுவரில் பல்லிபோல் தலைகீழாகப் பற்றிக்கொண்டு, கண்ணாடிக் கண்களால் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது, வெண்கலத்திலும் உயிர் துடிக்கிறது.

காகிதமும் மெழுகும் ஒளியாலும் வெப்பத்தாலும் கெடும் என்று அஞ்சி, அருங்காட்சியகங்கள் இத்தகைய படைப்புகளைப் பெட்டகத்தில் வைத்துக் காப்பது முறையன்று. அழியும் சரீரத்தைப் பாடப் பிறந்தவை அவை. காலத்தால் சற்றே நிறம் மாறி முதுமை எய்தினாலும் எய்தட்டும், அந்த முதுமையோடேயே அவற்றை மக்கள் முன் நிறுத்த வேண்டும்.